இரண்டாவது மாண்டலின்

மாண்டலின் கற்கத் தொடங்குகிறவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் கடையில் இருப்பதிலேயே மலிவானதைத்தான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் ஆர்வம் வடிந்து கருவி பரணுக்குப் போய்விடுமோ என்ற யோசனை யாருக்கும் இருக்கும். பரணுக்குப் போகாமல் வாசிப்பு வளர்ந்துவிட்டால் வேறு தொல்லை ஆரம்பிக்கிறது. திறந்த கம்பிகளை மீட்டினால் சுருதி நிற்கிறது, ஏழாவது ஃப்ரெட்டைத் தாண்டினால் பிசகுகிறது. அரை மணி நேரத்தில் விரல் நுனி எரிகிறது. நாலு பேரோடு சேர்ந்து வாசித்தால் நம் கருவி மட்டும் கேட்பதில்லை. இந்தக் கட்டத்தில்தான் "கொஞ்சம் நல்லதாக ஒன்று, ஆனால் கையைக் கடிக்காத விலையில்" என்ற தேடல் தொடங்குகிறது.

மேலே சொன்ன குறைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருபவை அல்ல. சில அளவுப் பிசகுகள். சில மரத்தின் குறைகள். அளவுப் பிசகைக் கைதேர்ந்த பழுதுபார்ப்பவர் ஓரிரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். மரத்தின் குறைக்குத்தான் புதுக் கருவி தேவை. இவை இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால், புதுக் கருவியிலும் பழைய தொல்லையையே கூடுதல் விலை கொடுத்து வாங்கி வர நேரும்.

அளவிலிருந்தே தொடங்குவோம். கிப்சன் நிறுவனத்தின் வழியில் வந்த இன்றைய மாண்டலின்களில் கம்பியின் அதிரும் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். கிட்டாரில் இது 65 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். ஏறக்குறையப் பாதி. கருவி சிறியது என்பதால் பிழையும் சிறியதாக இருக்கும் என்று தோன்றலாம். நடப்பது நேர் எதிர். ஃப்ரெட்டுகளுக்கு இடம் குறிக்கும் கணக்கு எளிமையானது. மிச்சமிருக்கும் கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட் வரும் இடம் கிடைக்கும். மாண்டலினில் முதல் ஃப்ரெட், கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து 20 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் விழுகிறது. கிட்டாரில் 36 மில்லிமீட்டர். பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே மாண்டலினில் 10 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் ஒரு முழு அரைச்சுரம் அடங்கியிருக்கிறது.

இதனால் பிரிட்ஜ் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி சுமார் 5 சென்ட் விலகுகிறது. சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு. கிட்டாரில் அதே ஒரு மில்லிமீட்டருக்கு 3 சென்ட்கூட ஆகாது. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு: மாண்டலினின் பிரிட்ஜ் ஒட்டப்பட்டிருப்பதில்லை. கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது மேற்பலகைமேல் நின்றுகொண்டிருக்கிறது. பெட்டியில் கட்டி அனுப்பும்போது, கம்பி மாற்றும்போது, பையிலிருந்து எடுக்கும்போது தட்டுப்பட்டு அது இடம் மாறலாம். "மேல் ஃப்ரெட்டுகளில் பேசுறதே இல்லை" என்று ஒதுக்கப்படும் கருவிகளில் பல, பிரிட்ஜை இரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் ஒழுங்காகப் பேசக்கூடியவை. சோதிப்பது எளிது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஒரு சுரம் வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரிட்ஜ் சரியான இடத்தில் இருக்கிறது. அழுத்திய சுரம் மேலே போனால் பிரிட்ஜை வால்பக்கம் தள்ள வேண்டும். கீழே போனால் கழுத்துப் பக்கம். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ட்யூனர் செயலியே இதற்குப் போதும்.

அடுத்தது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம். வாசிப்பவர்கள் இதை ஆக்ஷன் என்பார்கள். கம்பியைக் கீழே அழுத்தும்போது அது கொஞ்சம் நீள்கிறது, இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. இந்த ஏற்றம் உயரத்தின் இருமடியாகப் பெருகும். கம்பியின் நீளம் பாதியானால் நீட்சி விகிதம் நான்கு மடங்காகும். மெல்லிய ஈ கம்பிக்கு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 2 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏற்றம் 6, 7 சென்ட் வருகிறது. உயரம் 3 மில்லிமீட்டரானால் 15 சென்ட். பிரிட்ஜின் மேல்விளிம்பைப் படிப்படியாக வெட்டியிருப்பது இந்த ஏற்றத்தை ஈடுகட்டத்தான். ஆனால் அந்த ஈடு பிரிட்ஜுக்கு அருகில்தான் நன்றாக வேலை செய்யும். மறுமுனையில், நட்டின் பள்ளங்கள் போதிய ஆழம் வெட்டப்படாமல் இருந்தால் முதல் மூன்று ஃப்ரெட்டுகள் எப்போதும் தூக்கலாகவே ஒலிக்கும். மலிவுக் கருவிகளில் மிகப் பரவலான குறை இதுதான். பள்ளத்தை ஆழமாக வெட்டிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் உரசி, நட்டையே மாற்ற வேண்டிவரும். அதனால் தொழிற்சாலை பாதுகாப்பாக மேலேயே விட்டுவிடுகிறது. இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி போதும். விசிட்டிங் கார்டே நுழைகிறது என்றால் விரல் எரிச்சலுக்கும் சுருதிப் பிசகுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

இதெல்லாம் மாண்டலினில் ஏன் இவ்வளவு காதை உறுத்துகிறது? கம்பிகள் ஜோடி ஜோடியாக இருப்பதால். ஜி, டி, ஏ, ஈ என்று நான்கு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பி. ஒரே சுரத்துக்குச் சேர்க்கப்பட்ட இரண்டு கம்பிகள் சற்றே விலகினால் விம்மல்கள் எழும் என்று பள்ளி இயற்பியலில் படித்திருப்போம். ஈ கம்பியின் அதிர்வெண் சுமார் 659 ஹெர்ட்ஸ். ஜோடிக்குள் 3 சென்ட் வித்தியாசம் இருந்தாலே வினாடிக்கு ஒரு விம்மலுக்கு மேல் கேட்கும். தனிக் கம்பியில் யாரும் கண்டுகொள்ளாத பிழை ஜோடியில் அப்பட்டமாகிவிடுகிறது.

எனவே முதல் செலவு செட்டப்புக்கு. நட்டு, பிரிட்ஜ், கழுத்தின் வளைவு, புதுக் கம்பிகள் என்று எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும். கூடவே பிக்கையும் மாற்றிப் பார்க்கலாம். கிட்டார் வாசிப்பவர்கள் வைத்திருக்கும் மெல்லிய பிக் மாண்டலினின் விறைப்பான கம்பி ஜோடியிடம் வளைந்துகொடுத்துவிடும், 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ள பிக் எடுத்தாலே ஒலியில் சதைப்பற்று ஏறும். இவ்வளவும் செய்து ஓரிரு மாதம் வாசித்த பிறகும் கருவி போதவில்லை என்றால், அது உண்மையிலேயே போதவில்லை. மிச்சக் குறை மரத்தில்.

கம்பி தானாக ஒலிப்பதில்லை என்றே சொல்லலாம். கால் மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு கம்பி காற்றைத் தள்ள முயல்வது, விசிறியின் காம்பை மட்டும் வைத்து விசிறிக்கொள்வதைப் போன்றது. பிரிட்ஜ் வழியாக அதிர்வு மேற்பலகைக்குப் போகிறது. அந்தப் பலகைதான் காற்றை அசைக்கிறது. ஆகவே பலகை லேசாக இருக்க வேண்டும். ஆனால் லேசாக மட்டும் இருந்தால் நிற்காது. எட்டுக் கம்பிகளின் இழுவிசை மொத்தம் சுமார் 80 கிலோ எடைக்குச் சமம். பிரிட்ஜின் மேல் கம்பிகள் வளைந்து இறங்கும் கோணத்தால் அதில் ஏறக்குறைய கால் பங்கு, 20 கிலோ அளவில், பலகையைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கிறது. இரவும் பகலும், வாசிக்காத நாட்களிலும். லேசாகவும் இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும்: நல்ல மாண்டலின் செய்வதன் சிரமம் முழுவதும் இந்த முரணில் இருக்கிறது.

ஸ்ப்ரூஸ் மரம் இதற்கென்றே வளர்ந்ததுபோல் இருக்கும். தண்ணீரின் அடர்த்தியில் பாதிகூட இல்லாத இந்த மரம், இழை ஓடும் திசையில் வியக்கத்தக்க விறைப்புடையது; அத்திசையில் ஒலி வினாடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் ஓடும். இழைக்குக் குறுக்கே விறைப்பு பத்தில் ஒரு பங்குக்கும் குறையும். ஒரு திசையில் உறுதி, மறு திசையில் நெகிழ்வு என்ற இந்த ஏற்றத்தாழ்வுதான் மேற்பலகைக்கு வேண்டியது. பிளைவுட் இதைக் கலைத்துவிடுகிறது. மெல்லிய தாள்களை இழை மாற்றி மாற்றி ஒட்டுவதால் எல்லாத் திசையிலும் நடுத்தரமான விறைப்பு வந்துவிடும்; பசை எடையைக் கூட்டும், அதிர்வைத் தின்னும். மேசை செய்ய அருமையான பொருள். முதல் மாண்டலினில் ஒலி டப்பாவுக்குள்ளேயே அடைந்து கிடந்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முழு மரம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் மட்டும் போதாது. வளைந்த மேற்பலகையை இரண்டு விதமாகச் செய்யலாம். தட்டையான பலகையைச் சூடும் ஈரமும் கொடுத்து அச்சில் அழுத்தி வளைப்பது ஒன்று. தடித்த கட்டையிலிருந்து வயலின்போலச் செதுக்கி எடுப்பது மற்றொன்று. ஆர்வில் கிப்சன் 1898இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இந்தச் செதுக்கும் முறைக்குத்தான். அதுவரை நேப்பிள்ஸ் பாணியில் சுரைக்குடுக்கை வயிற்றோடு இருந்த மாண்டலின், வயலினின் உறவாக மாறியது அதன் பிறகே. செதுக்குவதில் உள்ள வசதி, தடிமனை இடத்துக்கு இடம் மாற்ற முடிவது. நடுவில், பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் நாலரை மில்லிமீட்டரை ஒட்டி வைத்து, விளிம்பை நோக்கி மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு இறக்கிக்கொண்டு போகலாம். விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. பத்து சதவீதம் தடிமன் கூடினால் முப்பத்து மூன்று சதவீதம் விறைப்பு கூடிவிடும். ஆகவே அரை மில்லிமீட்டரில் ஒரு கருவி ஊமையாகவும் இன்னொன்று பேச்சுக்காரியாகவும் ஆகிவிட முடியும். அழுத்தி வளைத்த பலகையில் இந்த நுணுக்கத்துக்கு அதிகம் இடமில்லை.

கடையில் நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்க ஒலித்துளையின் விளிம்பைப் பார்த்தாலே போதும். மேலே தெரியும் இழைக்கோடுகள் விளிம்பு வழியாக உட்புறம் வரை தொடர்ந்து இறங்கினால் முழு மரம். சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிந்தால் பிளைவுட். விளிம்பில் கறுப்புச் சாயம் பூசி மறைத்திருந்தால் சந்தேகப்படலாம்.

மேற்பலகைக்குக் கொடுக்கும் இந்த முக்கியத்துவத்தை அடிப்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் கொடுக்க வேண்டுமா? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. ஒரே வடிவத்தில் ஆறு கிட்டார்கள். அடியும் பக்கமும் மட்டும் வெவ்வேறு மரம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதபடி வைத்து, ஐம்பதுக்கு மேற்பட்ட கிட்டார் வாசிப்பாளர்களிடம் கொடுத்தார்கள். விலை உயர்ந்த மரத்தையும் மலிவான மரத்தையும் அவர்களால் நம்பகமாகப் பிரிக்க முடியவில்லை. மாண்டலினின் செதுக்கிய அடிப்பலகைக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் மேப்பிள் மரத்தின் புலிவரிக் கோடுகளுக்காகக் கூடுதல் பணம் கேட்கும் விற்பனையாளரிடம், "கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, காதுக்கு வேறு காட்டுங்கள்" என்று தைரியமாகச் சொல்லலாம்.

அழகுக்கான விலை உச்சத்தை எட்டுவது உடல்வடிவத்தில். மாண்டலின் சந்தையில் இரண்டு வடிவங்கள் பிரதானம். நீர்த்துளிபோல் எளிமையாக இருப்பது ஏ பாணி. ஒருபக்கம் சுருள், கீழே கூர் முனைகள் என்று அலங்காரத்தோடு இருப்பது எஃப் பாணி. அந்தச் சுருள் ஒலிக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. பட்டையை மாட்டிக்கொள்ள வசதி. அதைச் செதுக்கி, விளிம்புக்குப் பட்டி ஒட்டி, மெருகேற்ற ஆகும் உழைப்போ ஏராளம். ஒரே தயாரிப்பாளரின் ஒரே தரத்தில் எஃப் பாணியின் விலை ஏ பாணியைவிடக் கணிசமாக அதிகம். ஒன்றரை மடங்கு சாதாரணம்.

பிறகு ஏன் எல்லோருக்கும் எஃப் மேல் ஆசை? கதை 1922க்குப் போகிறது. கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த லாய்ட் லோர், வயலின் பாணி எஃப் துளைகளோடு எஃப்-5 என்ற மாதிரியைக் கொண்டுவந்தார். 1924 முடிவில் அவர் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். மாண்டலின் மோகம் அடங்கிக்கொண்டிருந்த காலம் அது. கருவி பெரிதாக விற்கவில்லை. 1940களில் பில் மன்ரோ என்ற பாடகர் மயாமியில் ஒரு முடிதிருத்தகத்தில் விற்பனைக்கு வைத்திருந்த எஃப்-5 ஒன்றை 150 டாலருக்கு வாங்கினார். 1923இல் லோர் கையெழுத்திட்ட கருவி. அதை வைத்துக்கொண்டுதான் ப்ளூகிராஸ் என்ற இசை வகையே உருவானது. இன்று லோர் கையெழுத்துள்ள எஃப்-5 ஒன்றின் விலை லட்சம் டாலரைத் தாண்டும். லோர் கையெழுத்திட்ட ஏ-5 ஒன்றும் இருக்கிறது, ஒரே ஒன்று. நூறு வருட மோகத்துக்குப் பணம் கட்ட விரும்பாதவர் ஏ பாணியை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை மேற்பலகையில் போடலாம்.

ஒலித்துளையின் வடிவம் மட்டும் உண்மையான தேர்வு. எஃப் துளைக் கருவி வெட்டென்று பேசும், கூட்டத்தில் தனித்துக் கேட்கும், சீக்கிரம் அடங்கும். முட்டைவடிவத் துளை உள்ளது கனிந்த ஒலியோடு சற்று நீண்டு நிற்கும். தனியே வீட்டில் மெல்லிசை வாசிப்பவருக்கு இரண்டாவது பிடித்துப்போக வாய்ப்பு அதிகம், ஆனால் கடைகளில் பெரும்பாலும் முதலாவதே தொங்கும்.

செதுக்கிய முழு மரக் கருவி சாதாரண ஆட்களுக்கு எட்டும் விலைக்கு வந்தது சீனப் பட்டறைகளால். 1992இல் வயலின் தயாரிப்பாகத் தொடங்கிய ஈஸ்ட்மன், பெய்ஜிங்கில் வயலின் செதுக்கப் பழகிய கைகளைக் கொண்டே பிறகு மாண்டலினும் செய்தது. அதன் எம்.டி. 305 எஃப் துளை உள்ள ஏ பாணி, எம்.டி. 304 முட்டைத்துளை. ஒரு காலத்தில் ஜப்பானில் தயாராகி இப்போது சீனாவிலிருந்து வரும் கென்டக்கி வரிசையில் கே.எம். 150 இதே தரத்தில் நிற்கிறது. இரண்டாவது மாண்டலின் தேடுகிறவர்களிடம் உலகெங்கும் அடிபடும் பெயர்கள் இவைதான். புதிதாக வாங்கினால் சில நூறு டாலர்கள். வளைந்த பலகைதான் வேண்டும் என்றில்லாதவர்களுக்குத் தட்டைப் பலகை மாண்டலின்களும் உண்டு. அமெரிக்காவின் மிசௌரியில் செய்த பிக் மடி கருவிகள் அந்த வகை. செதுக்கும் உழைப்பு இல்லாததால் அதே பணத்துக்கு நல்ல மரம் கிடைக்கும், ஒலி இன்னும் மென்மையாக இருக்கும். இதற்கு மேலே, டெக்சாஸின் காலிங்ஸ் போன்ற பட்டறைகளுக்குப் போனால் விலை ஒரேயடியாக ஆயிரங்களில் ஏறும். ஒலியும் ஏறும், ஆனால் விலை ஏறும் வேகத்தில் அல்ல.

வாங்கும் நேரத்தில் ஒலி சுமாராகப் பட்டால், "வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும்" என்று கடைக்காரர் சொல்வார். இந்த நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக்காரர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரே மரத்திலிருந்து இரட்டையாகச் செய்த இரண்டு வயலின்கள். ஒன்றைத் தொழில்முறைக் கலைஞர் தொடர்ந்து வாசித்தார், மற்றொன்று அருங்காட்சியகத்தில் இருந்தது. மூன்று வருடம் கழித்தும் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. மரம் திறக்குமா என்பதைவிட, வாசிப்பவரின் கையும் காதும் பழகிவிடும் என்பது உறுதி. இன்று பிடிக்காத ஒலியை நாளைய நம்பிக்கையில் வாங்க வேண்டாம்.

பழைய கருவி என்றால் இன்னும் மலிவு, இன்னும் கவனம். பிரிட்ஜின் இரு பக்கமும் பலகை உள்வாங்கியிருக்கிறதா, பிரிட்ஜின் பாதங்கள் பலகையோடு இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கின்றனவா, முறுக்காணிகள் வழுக்காமல் திரும்புகின்றனவா என்று பார்க்க வேண்டும். பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் உள்ளே பிரிந்த கட்டை இருந்தால் சடசடக்கும். நம் கடலோர ஊர்களில் ஈரப்பதமும் ஒரு கணக்கு. ஸ்ப்ரூஸ் இழைக்குக் குறுக்கே ஈரத்தை வாங்கி உப்பும், வளைவு மேலெழும், ஆக்ஷன் உயரும். அதையே ஏசி அறையில் வைத்தால் வற்றி இறங்கும். ஐப்பசி மழையில் சரியாக இருந்த கருவி ஏசி அறையில் உரசினால் கருவியைத் திட்ட வேண்டாம். பிரிட்ஜில் இருக்கும் இரண்டு சிறு சக்கரங்கள் உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தான் இருக்கின்றன.

கர்நாடக இசைக்காக மாண்டலினை எடுத்தவர்கள் இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே சொன்னதில் மரம் பற்றிய பாதி உங்களுக்குப் பொருந்தாது. கமகத்துக்குக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஜோடிக் கம்பிகளை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு நகர்வதில்லை, இழுவிசை இரண்டிலும் ஒரே அளவு ஏறுவதில்லை. விம்மல்கள் கிளம்பி கமகத்தின் நடுவிலேயே சுருதி உடைகிறது. போதாததற்கு விரலுக்கு இரட்டை வேலை. 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஒற்றைக் கம்பிகள் பூட்டிய மின்சார மாண்டலினில் வாசித்ததும், கீழ்ஸ்தாயிக்காக ஐந்தாவது கம்பி சேர்த்துக்கொண்டதும் இந்த இயற்பியலோடு அழகாகப் பொருந்துகிறது. அங்கே சுரத்தின் நீடிப்பை மின்பெருக்கி பார்த்துக்கொள்கிறது, மேற்பலகை செதுக்கியதா அழுத்தியதா என்ற கேள்விக்கு வேலையே இல்லை. அந்த வழியில் போகிறவர் இரண்டாவது கருவிக்கு ஒதுக்கிய பணத்தை நேரான கழுத்திலும், ஒரே மட்டமாக ராவப்பட்ட ஃப்ரெட்டுகளிலும், இரைச்சல் இல்லாத பிக்கப்பிலும் போட வேண்டும். கடைக்குப் போகும்போது ஜோடிக் கம்பிகளில் ஒவ்வொன்றைக் கழற்றிவிட்டு வாசித்துப் பார்க்க அனுமதிப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.